இடுப்பு வலி: எது தானாகப் போகும், எதற்கு உடனே ஓட வேண்டும்?

திருமானூர் பக்கம் நடவு தொடங்கிவிட்டால், சேற்றில் குனிந்து பின்னோக்கி நகரும் பெண்கள் நாற்று முடி தீரும்வரை நிமிர்வதில்லை. நிமிரும்போது கை தானாக இடுப்புக்குப் போகும். ராத்திரி கொஞ்சம் தைலம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரை, விடிந்தால் மறுபடி வயல். கரும்புக் கட்டு சுமப்பவர்களுக்கும் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான்.

2020-இல் உலகம் முழுக்க சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன நோயால் வந்தது என்று சுட்ட முடியாத சாதாரண வலிதான். பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

படுத்தே கிடந்தால் வலி நீளும். பாரம் தூக்குவதை மட்டும் குறைத்துக்கொண்டு, முடிந்தவரை நடமாடுங்கள். ஸ்கேனில் ‘ஜவ்வு பிதுங்கியிருக்கு’ என்று வந்தாலே கலங்க வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் வயதாக ஆக அப்படித் தெரியும். நாள்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* ஆறு வாரமாகியும் குறையாத வலி, தொடையைத் தாண்டிக் காலுக்கு இறங்கும் வலி
* காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி: முதுகெலும்புக் காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம்
* விழுந்தபின் வந்த வலி. வயதானவர்களுக்குச் சின்னச் சறுக்கலே எலும்பை நொறுக்கிவிடும்

எதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது?

சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் அறியாமல் கழிவது, பிறப்புறுப்பும் ஆசனவாயும் மரத்துப்போவது, கால்கள் வலுவிழப்பது. தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று அர்த்தம். உடனே 108-ஐ அழைத்து, அரியலூரிலோ தஞ்சாவூரிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று வலியைத் தள்ளிப்போடும் பெண்கள், மரத்துப்போன இடத்தைச் சொல்லவும் கூச்சப்படுகிறார்கள். அதனால் வீட்டிலுள்ளவர்கள்தான் கேட்க வேண்டும்: ‘ஒண்ணுக்குச் சரியாப் போகுதா? எங்கயாவது மரத்துப்போச்சா?’ இந்த இரண்டு கேள்விகளைக் கேட்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை.