காலையில் கல், மாலையில் சலங்கை

கோனார்க் நடன விழாவுக்குத் தயாராகும் சரித்திரப் பிரியர்கள் மேடையை மட்டும் பார்க்கப் போவதில்லை. மேடைக்குப் பின்னால் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் சாட்சியத்தையும் பார்க்கப் போகிறார்கள்.

செகந்திராபாத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடி. ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை மாலை. மேஜை மீது ஒடிசா வரைபடம், ஒரு நோட்டுப் புத்தகம், பாதி காலியான மிக்சர் தட்டு. நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டு, பின்பக்கம் தெரியும்படி. 2018ல் வெளியான பழுப்பு நிற நோட்டு அது. அதில் அச்சாகியிருக்கும் கோனார்க் சக்கரத்தைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டுகிறார் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர். "இது எல்லோர் பையிலும் இருக்கிறது. நேரில் பார்த்தவர் எத்தனை பேர்?" என்கிறார்.

சுற்றி அமர்ந்திருக்கும் ஐந்து பேரில் இருவர் அவருடைய பழைய மாணவர்கள். ஒருவர் வங்கி அதிகாரி. சிறு வயதில் பத்து வருடம் குச்சிப்புடி கற்றவர். இன்னொருவர் கம்ப்யூட்டர் என்ஜினியர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் ஒரு டாக்டர் தம்பதியும் மற்றவர்கள். வருடத்துக்கு ஒரு பயணம் என்பது இவர்களுடைய விதி. ஹம்பி, அஜந்தா, சாஞ்சி எல்லாம் முடிந்துவிட்டன. இந்த முறை இலக்கு, டிசம்பரில் நடக்கும் கோனார்க் விழா.

இடத்தில் சண்டை இல்லை. நாட்களில்தான் சண்டை. "ஐந்து இரவும் நடனம் பார்க்க வேண்டும் மாஸ்டாரு" என்கிறார் வங்கி அதிகாரி. ஐந்து பகலும் கோயிலைப் பார்த்தாலே போதாது என்பது மாஸ்டாருவின் கட்சி. விழாவா, சரித்திரமா? பலரும் இவற்றை இரண்டு விஷயங்களாக நினைக்கிறார்கள். கோனார்க்கில் இரண்டும் ஒன்று. ஆறு பேரும் அந்த முடிவுக்கு வர ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டது.

தேதி மாறாத விழா

திட்டமிடுவோருக்கு கோனார்க் ஒரு வசதி செய்து தருகிறது: தேதி தேடி அலைய வேண்டாம். ஒடிசா சுற்றுலாத் துறை 1989 முதல் நடத்திவரும் விழா, டிசம்பர் 1 முதல் 5 வரை. கோயிலைப் பின்னணியாகக் கொண்ட திறந்தவெளி அரங்கில் ஒடிசியோடு பரதநாட்டியம், கதக், மணிப்புரி என்று நாட்டின் மற்ற நடனங்களும் மேடையேறுகின்றன. அதே நாட்களில் சற்றுத் தள்ளி சந்திரபாகா கடற்கரையில் மணல் சிற்ப விழா.

இதற்கும் முந்தியது இன்னொரு விழா. ஒடிசி குரு கங்காதர் பிரதான் 1986ல் தொடங்கியது. தன் கோனார்க் நாட்டிய மண்டபத்தில், பிப்ரவரி மாதத்தில் அதை நடத்தினார் அவர். 2010ல் அவர் மறைந்தார். அரசு விழாவுக்கு வழிகாட்டியது இந்தத் தனிமனித முயற்சிதான்.

ரயில்வேக்காரரின் கவலை வேறு. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. நவம்பர் 29ந் தேதி இரவு ரயில் ஏற வேண்டுமானால் செப்டம்பர் 30 காலையில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அன்று யார் கண்விழித்திருப்பது என்பதும் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டுவிட்டது. விழா நாட்களில் கோனார்க் போன்ற சிறிய ஊரில் அறை கிடைப்பது கஷ்டம். 35 கிலோமீட்டரில் பூரி இருக்கிறது, 65 கிலோமீட்டரில் புவனேஸ்வர். இருப்பது பூரியில், போய்வருவது காரில் என்று முடிவாயிற்று. கோனார்க்கில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதையும் மாஸ்டாரு சிவப்பு மையில் குறித்திருக்கிறார்.

முதல் நாளில் ஓடும் ஆயிரம் ஆண்டுகள்

பயணத்தின் முதல் பகல் புவனேஸ்வருக்கு. அங்கேயும் நடனத்தைத்தான் தேடப் போகிறார்கள், கல்லில்.

முதலில் ஊருக்கு வெளியே உதயகிரி. இங்குள்ள ராணி கும்பா என்ற இரண்டடுக்குக் குகையில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிற்பம் இருக்கிறது. பந்தலின் கீழே ஒரு பெண் ஆடுகிறாள், பக்கத்தில் பெண்கள் வாத்தியம் வாசிக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஹாத்தி கும்பா. கலிங்க மன்னன் காரவேலனின் 17 வரிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. தன் ஆட்சியின் மூன்றாவது ஆண்டில் தலைநகர் மக்களுக்காக ஆடலும் பாடலும் விழாக்களும் நடத்தியதாக அவன் பெருமைப்பட்டுக்கொள்கிறான். கலை விழாவை அரசு நடத்தும் வழக்கம் இந்த மண்ணில் நேற்று வந்தது அல்ல என்பதற்கு இது கல்லில் வெட்டிய ரசீது. தமிழ் வாசகர்கள் கவனிக்க இன்னொரு வரியும் உண்டு: தமிழ் மன்னர்களின் நெடுநாள் கூட்டணி ஒன்றைக் காரவேலன் உடைத்ததாக அறிஞர்கள் பலர் அந்த வரியை வாசிக்கிறார்கள்.

அடுத்து ஊருக்குள் பரசுராமேஸ்வரர் கோயில், 7ம் நூற்றாண்டு. அதன் கல் ஜன்னலில் ஆடுபவர்களும் வாத்தியக்காரர்களும் வரிசையாக நிற்கிறார்கள். பிறகு 11ம் நூற்றாண்டின் பிரம்மேஸ்வரர் கோயில். இதைக் கட்டிய அரசியல் தாய் கோலாவதி, அழகிய பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணித்ததாக அதன் கல்வெட்டு சொன்னது. கோயில் நடனத்துக்கு ஒடிசாவில் கிடைக்கும் பழைய எழுத்துச் சாட்சியங்களில் முக்கியமானது இது. ஒரே பகலில் இவ்வளவையும் பார்த்தவருக்கு, மறுநாள் கோனார்க் திடீரென்று வானத்திலிருந்து குதித்த அதிசயமாகத் தோன்றாது.

சோழகங்கனின் வாரிசு

கோனார்க் சூரியன் கோயிலைக் கட்டியவன் கீழைக் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன். காலம், 13ம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இவனுடைய முன்னோர்தான் பூரி ஜகந்நாதர் கோயிலைத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன். அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: தந்தை கங்கர், தாய் சோழ இளவரசி. கலிங்கத்துப்பரணி பாடும் போரில் குலோத்துங்கனின் படை எதிர்கொண்ட அரசனும் இவனே.

கோயில் ஒரு பிரம்மாண்டமான தேர். 24 சக்கரங்கள், 7 குதிரைகள். ஒவ்வொரு சக்கரமும் கிட்டத்தட்ட 10 அடி. கருவறைக் கோபுரம் இப்போது இல்லை. 1837ல் ஜேம்ஸ் ஃபெர்குசன் வந்தபோது அதில் ஒரு மூலை மட்டும் நின்றிருந்தது. அவர் அதை வரைந்து வைத்தார். பின்னர் அதுவும் விழுந்தது. நிற்பது அதற்கு முன்னால் உள்ள ஜகமோகனம், சுமார் 128 அடி உயரம். 1903ல் ஆங்கிலேய அரசு அதன் உள்ளே மணலைக் கொட்டி நிரப்பி, வாசல்களை அடைத்தது. இடிந்து விழாமல் தடுக்க அன்று தெரிந்த வழி அது. மணலை அகற்றுவதற்கான ஆரம்பப் பணிகளை இந்தியத் தொல்லியல் துறை 2022ல் தொடங்கியது. நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து யாரும் உள்ளே கால் வைத்ததில்லை.

நடன ரசிகர்கள் நேரே போக வேண்டிய இடம் கிழக்கே தனியாக நிற்கும் மண்டபம். கூரை இல்லை. யானையின் மீது பாயும் சிங்கங்கள் வாசலில். மேலே ஏறினால் தூண்களிலும் சுவர்களிலும் எங்கே திரும்பினாலும் ஆடும் பெண்கள், மத்தளம் கொட்டும் பெண்கள், தாளம் போடும் பெண்கள். இதை நாட்டிய மந்திர் என்கிறார்கள். இல்லை, நைவேத்தியம் படைக்கும் போக மண்டபம் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஆறு பேர் குழுவில் இப்போதே இதில் இரண்டு கட்சி.

கல் சொல்லிக்கொடுத்த நடனம்

இன்றைக்கு மேடையில் நாம் பார்க்கும் ஒடிசி, அறுந்த இழைகளை எடுத்துக் கட்டிய நடனம். பூரி கோயிலில் ஆடிவந்த மகரிகளின் மரபு 20ம் நூற்றாண்டில் தேய்ந்துகொண்டிருந்தது. பெண் வேடமிட்ட சிறுவர்கள் ஆடும் கோட்டிபுவா ஒரு பக்கம் உயிரோடு இருந்தது. 1950களின் கடைசியில் குருமார்களும் அறிஞர்களும் ஜெயந்திகா என்ற பெயரில் ஒன்றுகூடி ஒடிசிக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். மகரி குடும்பத்தில் பிறந்த பங்கஜ் சரண் தாஸ், ஓவியக் குடும்பத்திலிருந்து வந்த கேளுசரண் மகாபாத்ரா, தேபபிரசாத் தாஸ், மாயாதர் ராவுத் ஆகியோர் அதன் தூண்கள். பழைய சுவடிகள், மகரிகளின் நினைவு, கோட்டிபுவா ஆகியவற்றோடு அவர்கள் கேட்ட நான்காவது சாட்சி, கோயில் சிற்பங்கள்.

உடலை மூன்று இடத்தில் வளைக்கும் திரிபங்கமும், சதுரமாக நிற்கும் சௌகமும் ஒடிசியின் உயிர். இரண்டையும் அந்த மண்டபச் சுவர்களில் தேடிக் கண்டுபிடிக்கலாம். குழுவின் சண்டையைத் தீர்த்துவைத்தது இந்த விஷயம்தான். வங்கி அதிகாரி ஒரு பட்டியல் தயாரிக்கிறார்: பன்னிரண்டு நிலைகள். காலையில் மண்டபத்தில் ஒவ்வொன்றையும் கல்லில் தேடிக் குறிக்க வேண்டும். மாலையில் அதே பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் தேட வேண்டும். விழாவில் ஐந்து இரவு வேண்டாம், மூன்று போதும் என்று அவரே இறங்கிவந்துவிட்டார். மிச்ச நேரத்தில் ஒரு பகல் ரகுராஜ்பூருக்கு. பூரிக்குப் பக்கத்தில் பட்டசித்திர ஓவியர்கள் வாழும் இந்தக் கிராமம்தான் கேளுசரண் மகாபாத்ரா 1926ல் பிறந்த ஊர்.

முதுகு காட்டும் மேடை

விழா அரங்கில் உட்காரும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறார் மாஸ்டாரு. கோயில் கிழக்கு நோக்கியது. அந்த மண்டபத்தில் ஒருத்தி ஆடியிருந்தால், மேற்கே திரும்பி, கருவறையில் இருக்கும் சூரியனைப் பார்த்துத்தான் ஆடியிருப்பாள். எழும் சூரியன் அவள் முதுகில் பட்டிருக்கும். பார்வையாளர் ஒருவர் மட்டுமே: கடவுள். இன்றைய மேடையில் அவள் நம்மைப் பார்த்து ஆடுகிறாள். விளக்கொளியில் ஜொலிக்கும் கோயில் அவளுக்குப் பின்னால் நிற்கிறது.

இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் மீது மேடை போடாமல் தள்ளி வைத்ததுதான் சரி. ஆனால் திரைச்சீலையாகவே கோயிலைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, இரவே திரும்பிவிடுபவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

அந்த இழப்பு இனி அதிகமாகும். கோயிலின் பெரும்பகுதி கொண்டலைட் என்ற கல்லால் ஆனது. வெயிலிலும் மழையிலும் எளிதில் சிதையும் கல். சூரியனின் மூன்று பெரிய சிலைகளுக்கும் வாசல் நிலைகளுக்கும் பயன்பட்ட குளோரைட் கல் இன்றும் கூர்மையாக இருக்கிறது. கொண்டலைட்டில் செதுக்கிய முகங்களோ மூக்கும் கண்ணும் இழந்து வழவழப்பாகிக்கொண்டிருக்கின்றன. கடல் சுமார் 3 கிலோமீட்டரில். உப்புக் காற்றையும் மணலையும் தடுக்க 1906லேயே சவுக்கும் புன்னையும் நட்டார்கள். 2019 மே மாதம் வீசிய ஃபானி புயல் இந்தக் கடற்கரையின் மரங்களை வாரிச் சாய்த்தது. விழுந்த சிற்பங்களின் இடத்தில் செதுக்காத வெற்றுக் கற்களை வைப்பது தொல்லியல் துறையின் வழக்கம். இல்லாததைக் கற்பனை செய்து செதுக்கக் கூடாது என்பது நேர்மையான கொள்கைதான். ஆனாலும் ஒவ்வொரு வெற்றுக் கல்லும் ஒரு நடன நிலை அழிந்துபோனதற்கான அடையாளம். ஒடிசாவில் இதைச் சுற்றிப் பல முறை சர்ச்சை எழுந்திருக்கிறது.

மனித சாட்சிகளும் போய்விட்டார்கள். பூரி கோயிலின் கடைசி மகரிகளில் ஒருவரான சசிமணி தேவி 2015ல் காலமானார். கேளுசரண் மகாபாத்ரா 2004லேயே மறைந்துவிட்டார். அவர்கள் விட்டுச்சென்றதை உடம்பில் ஏற்றி ஆடுபவர்கள் மேடையில் இருக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்துக் கற்றார்களோ அந்தக் கல், சற்றுத் தள்ளி நிற்கிறது.

எனவேதான் என்ஜினியருக்கு ஒரு தனி வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. காந்தக் கல் கப்பல்களை இழுத்த கதையையும், கலசம் வைத்துவிட்டுக் கடலில் குதித்த சிறுவன் தர்மபதனின் கதையையும் வழிகாட்டிகள் சொல்லும்போது மற்றவர்கள் கேட்டு ரசிக்கலாம். அவர் மட்டும் பன்னிரண்டு நிலைகளையும் ஒவ்வொன்றாகப் படமெடுக்க வேண்டும், தூணின் எண்ணையும் திசையையும் குறித்து. பத்து வருடம் கழித்து இன்னொருவர் அதே தூணின் முன்னால் நின்றால், என்ன மிச்சம், என்ன போயிற்று என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

மிக்சர் தீர்ந்துவிட்டது. வரைபடம் மடிக்கப்படுகிறது. மாஸ்டாரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். "கோனார்க்கில் தேங்காய்த் தண்ணீர் குடிக்க உதவும்" என்று சிரிக்கிறார் ரயில்வேக்காரர். பத்து ரூபாய்க்கு இப்போது யார் இளநீர் தருகிறார்கள் என்று அடுத்த சண்டை ஆரம்பமாகிறது.