ஒழுகாத வேப் டேங்க் எது, மலிவான காயில் எது? தூத்துக்குடியில் இருந்து வந்த கேள்வியும் யாரும் சொல்லாத பதிலும்

"மாப்ள, ஒழுகாத டேங்க் எதுன்னு பாத்துச் சொல்லுலே. காயில் விலையும் கம்மியா இருக்கணும்."

போன மாதம் தூத்துக்குடியில் இருந்து அத்தான் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் இது. அத்தை மகன். சரக்குக் கப்பலில் வேலை. நாலு மாதம் கடல், ரெண்டு மாதம் வீடு. பன்னிரண்டு வருஷமாக சிகரெட் பிடித்தவர், அதை விடணும் என்று ஏதோ ஒரு துறைமுகத்தில் வேப் வாங்கியிருக்கிறார். ஊருக்கு வந்த மூணாவது நாள் டேங்க் ஒழுகி, பேன்ட் பாக்கெட் முழுக்கப் பிசுபிசுப்பு. கழற்றிப் போட்ட அந்த பேன்ட்டை எடுத்து விளையாடியது அவருடைய மூணு வயசுப் பெண். நல்ல வேளை, அத்தை பார்த்துக் கையைக் கழுவிவிட்டார்.

'நீ பத்திரிகையில இருக்க, உனக்குத் தெரியும்' என்ற நம்பிக்கையில் என்னிடம் கேட்டிருக்கிறார். உண்மையில் எனக்குத் தெரியாது. தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இதே கேள்வி உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பையனுக்கோ இருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டேங்க், காயில் என்றால் என்ன?

இப்போது நாம் பார்க்கும் மாதிரியான இ-சிகரெட்டை உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். ஆண்டு 2003. அடிப்படை இன்றைக்கும் அதேதான். பேட்டரி ஒரு சின்னக் கம்பிச் சுருளைச் சூடாக்கும். அந்தச் சுருள்தான் காயில். அதைச் சுற்றிப் பஞ்சு இருக்கும். பஞ்சு லிக்விடை உறிஞ்சும், சூட்டில் அது புகை மாதிரி ஆகும். லிக்விட் நிரப்பும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கூடுதான் டேங்க்.

லிக்விடில் இருப்பது பொதுவாக நாலு பொருட்கள்: புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், வாசனைக்கான ரசாயனம், நிகோடின். இதில் நிகோடின்தான் பழக்கத்தைப் பிடித்து வைப்பது.

சரி, டேங்க் ஏன் ஒழுகுது?

வீட்டில் தண்ணீர் கேனை டிஸ்பென்சரில் கவிழ்த்து வைக்கிறோம் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கேன் தலைகீழாக இருந்தும் தண்ணீர் மொத்தமாகக் கொட்டுவதில்லை. காரணம், உள்ளே காற்றழுத்தம் குறைவு. வெளிக்காற்று தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. கேனில் மெல்லிய விரிசல் விழுந்தால் போதும், காற்று உள்ளே போய்த் தண்ணீர் வழியும்.

வேப் டேங்கும் இதே கணக்குத்தான். உள்ளே இருக்கும் குறைந்த அழுத்தமும் பஞ்சின் உறிஞ்சும் தன்மையும்தான் லிக்விடைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தச் சமநிலை குலையும் இடங்கள் இவை:

* ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தேய்ந்து போவது, அல்லது மூடியைச் சரியாக முறுக்காமல் விடுவது.
* காயில் பழசாகிப் பஞ்சு சுருங்கி இடைவெளி விழுவது.
* பெரிய துளை உள்ள காயிலில், தண்ணி மாதிரி இளகிய லிக்விடை ஊற்றுவது.
* வெயில். தூத்துக்குடி மத்தியானத்தில் பூட்டிய காருக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று விரியும், லிக்விடை வெளியே தள்ளும்.
* விமானம். மேலே போகப் போக கேபின் அழுத்தம் குறையும், அதே விளைவு.

காற்றுத் துளை அடியில் இருக்கும் டேங்க் எளிதில் ஒழுகும். துளை மேலே இருந்தால் கசிவு குறையும். குறையும்தான், நிற்காது. பெட்டியில் 'லீக் ப்ரூஃப்' என்று போட்டிருந்தாலும் வெயிலும் தேய்ந்த ரப்பரும் அதைப் படிக்கப் போவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் கொண்டுவந்த புகையிலைப் பொருள் விதிகளில் இதற்கென்றே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. கருவியும் நிரப்பும் பாட்டிலும் உடையாமல், ஒழுகாமல், குழந்தைகள் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். நிரப்பும்போதும் சிந்தக் கூடாது. டேங்க் கொள்ளளவு 2 மில்லிக்கு மேல் போகக் கூடாது. அங்கே சட்டப்படி விற்கும் பொருளுக்கு இப்படி ஒரு கேள்விமுறை இருக்கிறது. இங்கே கள்ளத்தனமாக வரும் பொருளுக்கு யாரைக் கேட்பது?

மலிவான காயில் என்று ஒன்று உண்டா?

பிரிண்டர் கதை தெரியும்தானே? பிரிண்டர் விலை குறைவு, கார்ட்ரிட்ஜ் வாங்கி மாளாது. டேங்க்கும் அப்படித்தான். டேங்க் ஒரு தடவைச் செலவு. காயில் தொடர் செலவு.

ஒரு காயில் பயன்பாட்டைப் பொறுத்து ஒன்று, இரண்டு வாரம் வரும். பத்து நாளைக்கு ஒன்று என்று வைத்தால் வருஷத்துக்கு 36. ஒரு காயில் 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 10,800 ரூபாய். லிக்விட் தனி. இனிப்பு அதிகமான லிக்விட் என்றால் காயிலில் கரி மாதிரிப் படிந்து இன்னும் சீக்கிரம் போகும். ஒரு கம்பெனி காயில் இன்னொன்றில் பொருந்தாது. மாடல் நின்றுபோனால் கையில் இருக்கும் டேங்க் வெறும் கண்ணாடி.

சிலர் காசை மிச்சம் பிடிக்கத் தாங்களே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கிறார்கள். மின்தடை கணக்குத் தப்பினால் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. இன்னும் சிலர் கருகின காயிலையே இழுத்துக்கொண்டிருப்பார்கள். பஞ்சு காய்ந்து கம்பி அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை அதிகமாக உருவாகும். தொண்டையில் சுள்ளென்று பிடிக்கும் அந்தக் கருகல் வாடைதான் அறிகுறி.

இன்னொரு விஷயம், காயில் உலோகம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேர் அன்றாடம் பயன்படுத்திய கருவிகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பாட்டிலில் இருந்த லிக்விடில் ஈயம், நிக்கல், குரோமியம் மிகக் குறைவு. காயிலைத் தொட்ட பிறகு, வெளிவந்த ஆவியில் அவற்றின் அளவு கூடியிருந்தது.

அப்போ இந்தியாவில் எதை வாங்கலாம்?

எதையும் வாங்க முடியாது. நேரடிப் பதில் இதுதான்.

தமிழ்நாடு 2018 செப்டம்பரிலேயே இ-சிகரெட்டுக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அதே டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டம் ஆனது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, எடுத்துச் செல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். நிகோடின் இல்லாத லிக்விட் என்றாலும் விதிவிலக்கு இல்லை.

அத்தான் மாதிரி ஆட்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. முழுக் கருவி மட்டுமல்ல, அதன் 'எந்தப் பாகமும்' தடைக்குள் வரும். அதாவது டேங்க் தனியாக, காயில் தனியாக வாங்கினாலும் அதே சட்டம்தான்.

தண்டனை? விற்பனை, இறக்குமதி போன்றவற்றுக்கு முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். ஸ்டாக் வைக்க இடம் கொடுத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி சோதனை போடலாம்.

'நான் விக்கலையே, நான்தானே பிடிக்கிறேன்' என்று கேட்கலாம். பயன்படுத்துவதற்கென்று தனித் தண்டனைப் பிரிவு சட்டத்தில் இல்லை. ஆனால் எந்த வடிவத்திலும், எந்த அளவிலும் வைத்திருப்பதே சட்டத்தை மீறுவதுதான் என்று மத்திய சுகாதாரத் துறை 2023-ல் விளக்கம் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டில் இருந்து பையில் கொண்டு வந்தால் அது இறக்குமதி. சுங்கத்துறை எடுத்துக்கொள்ளும்.

துறைமுக ஊர்களில் இது சின்ன விஷயமும் இல்லை. 2022 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறை ஒரே கன்டெய்னரில் பிடித்தது சுமார் 2 லட்சம் இ-சிகரெட். மதிப்பு சுமார் 48 கோடி ரூபாய் என்று சொன்னார்கள்.

கப்பல் போகும் ஊர்களில்?

இங்கேதான் தூத்துக்குடிக்காரர்கள் அதிகம் மாட்டக்கூடும். துபாயில் 2019-ல் இருந்து விற்பனைக்கு அனுமதி உண்டு. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வாங்குவது, வைத்திருப்பது, பிடிப்பது எல்லாமே குற்றம். 2025 செப்டம்பரில் நடவடிக்கையை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். நம்ம ஊர்த் தோணிகள் சரக்கு ஏற்றிப் போகும் மாலத்தீவில் 2024 நவம்பர் 15 முதல் இறக்குமதிக்குத் தடை, டிசம்பர் 15 முதல் பயன்பாட்டுக்கும் தடை. சுற்றுலாப் பயணிக்கும் அதே விதி. துபாயில் பில் போட்டு வாங்கிய பொருள், அடுத்த துறைமுகத்தில் கேஸ் ஆகலாம். கப்பல்காரனுக்கு ஒரு கேஸ் என்றால் வேலைக்கே உலை.

ஆனால் சிகரெட்டைவிட இது பரவாயில்லைதானே?

அத்தானின் அடுத்த கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. சிகரெட் கடையில் கிடைக்கிறது, இதற்கு மட்டும் தடை ஏன் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. புகையிலை எரியும்போது வரும் தார், கார்பன் மோனாக்சைடு இதில் இல்லை. பிரிட்டனில் சிகரெட்டை விடுவதற்கான ஒரு வழியாகவே அரசு மருத்துவத் துறை இதைச் சொல்கிறது. நிகோடின் சூயிங் கம், பட்டை ஆகியவற்றைவிட நிகோடின் வேப் மூலம் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. மறைக்க வேண்டியதில்லை.

அதே பிரிட்டன், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்களை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. அமெரிக்காவில் 2019-ல் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் மட்டும் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாப் பொருள் கலந்த, முறையற்ற வழியில் வாங்கிய லிக்விட். அதில் சேர்த்திருந்த வைட்டமின் இ அசிடேட்தான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. கள்ளச் சந்தை லிக்விடில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. இந்தியாவில் கிடைப்பது எல்லாமே கள்ளச் சந்தைதான்.

இந்தக் கடற்கரைக்கு மூச்சின் மதிப்பு தெரியும். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது. சங்கு குளிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நுரையீரலை முதலாக வைத்துப் பிழைத்த ஊர் இது.

லிக்விட் பட்டுவிட்டால்?

நிகோடின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், துணியை மாற்றுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயற்சிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலையும் எடுத்துப் போங்கள். வாந்தி, வியர்வை, நடுக்கம், படபடப்பு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

விட நினைத்தால் சட்டப்படி என்ன வழி?

* தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.
* 2 மி.கி. நிகோடின் சூயிங் கம் மருந்துக்கடையில் கிடைக்கும். மிட்டாய் மாதிரி மென்று தள்ளக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கணும். காரம் போனதும் மறுபடி மெல்லணும். டீ, காபி குடித்த உடனே போடக் கூடாது, வேலை செய்யாது.
* எழுந்த அரை மணி நேரத்துக்குள் சிகரெட் தேடுபவர் என்றால், இதய நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். வேறு மாத்திரைகளும் இருக்கின்றன, அவை டாக்டர் சீட்டில்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் அத்தானுக்கு நீளமான வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு போட்டோ வந்தது: சூயிங் கம் அட்டை, பக்கத்தில் மகளின் கை. "இது நல்லாவே இல்லலே மாப்ள. ஆனா ஒழுகல" என்று எழுதியிருந்தார்.

அவர் அடுத்துக் கப்பல் ஏறுவது சிங்கப்பூரில். அதற்குள் பழக்கம் விடுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தடவை பையில் அந்த டேங்க் இருக்காது.