இட்லித் தட்டில் ஒரு கியர்பாக்ஸ்!

"கியர்பாக்ஸுக்கும் இட்லித் தட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். போன மாசம் வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் மாமனார் வாங்கிய 1974-ம் வருஷத்து புல்லட், எங்கள் குவார்ட்டர்ஸ் பலாமரத்தடியில் சும்மா நின்றது. மூன்றாவது கியர் போட்டால் தானாக நழுவிவிடும். அடுத்த வருஷம் இவர் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். "காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்று சொன்னவர், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாமே பிரிச்சுப் பார்த்தா என்னங்க?" என்றேன்.

1955-ல் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, சென்னை திருவொற்றியூரில் செய்த வண்டி அது. கியர்பாக்ஸ் இங்கிலாந்து ஆல்பியன் மாதிரி. எஞ்ஜினுக்குப் பின்னால் தனிப் பெட்டியாக இருக்கும். வலது காலால் ஒன்று மேலே, மூன்று கீழே. குதிகாலால் அழுத்தினால் நியூட்ரலுக்கு வர ஒரு குட்டி லீவர் வேறு!

கிளட்சைக் கழற்றி, ஆயிலை வடித்து, சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பழைய இட்லித் தட்டுகளின் குழிகளுக்கு நான் நம்பர் ஒட்டினேன். கழற்றிய வரிசைப்படி குழிக்கு ஒன்று, நோட்டிலும் எழுதிக்கொண்டேன். பெரிய சாமான்களுக்கு முறம்.

கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. பக்கத்துச் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் முட்டுகளின் முனை, தேய்ந்த சந்தனக்கட்டை மாதிரி மழுங்கியிருந்தது. அப்புறம் எப்படிப் பிடித்து நிற்கும்? சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஜோடிச் சக்கரமும், லேஷாஃப்ட் புஷ்ஷும், பேரிங்கும் வாங்கி வந்தார்.

பேரிங் உள்ளே இறங்க மறுத்தது. இவர் சுத்தியலை எடுத்தார். "இருங்க! இறுகின பாட்டில் மூடியை வெந்நீர்ல காட்டித்தானே திறக்கிறோம்?" என்றேன். கொல்லை அடுப்பில் அண்டா வைத்து, காலிப் பெட்டியைக் கொதிநீரில் முக்கி எடுத்துத் துடைத்தோம். அலுமினியம் விரிந்துகொடுக்க, பேரிங் அலுங்காமல் உட்கார்ந்தது.

எல்லாம் மாட்டி முடித்தால், ஏழாம் குழியில் ஒரு மெல்லிய வாஷர் மிச்சம்! "அது எக்ஸ்ட்ரா" என்றார் இவர். நான் நோட்டைக் காட்டினேன். லேஷாஃப்ட்டின் பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குகிற வாஷராம். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பிரித்தார்.

செய்து பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை:

* சாமான்களைப் பெட்ரோலில் கழுவவே கூடாது, டீசல் போதும். அதையும் அடுப்புக்கு எட்டத்தில், காற்றாட, திறந்த வெளியில் செய்யுங்கள்.
* கையில் வெடிப்போ காயமோ இருந்தால் டீசலைத் தொடாதீர்கள். உறை மாட்டிக்கொள்வது உத்தமம். கறை போகத் தேங்காயெண்ணெய் தடவி, கடலைமாவால் தேயுங்கள்.
* கழிவு ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், டப்பாவில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.
* எடுத்த பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது. எனக்குப் புது இட்லித் தட்டு வந்துவிட்டது!

போன வெள்ளிக்கிழமை வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு அதே வண்டியில் போனோம். மூன்றாவது கியர் நழுவவில்லை. திரும்பி வந்து மூன்று தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புது வீடு பார்க்கும்போது வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம்!