மனம் களைப்பது ஏன்? மூளையும் வாழ்க்கைச் சுமையும்

இரவில் தூக்கம் வருவதில்லை. பிள்ளைகள் சற்றுச் சத்தமாகப் பேசினாலே கோபம் வருகிறது. அடுப்பில் வைத்ததையும் மறந்து விடுகிறார். இப்படியான ஒரு தாயைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? "தேவையில்லாத யோசனை", "பொறுமை போதாது" என்கிறோம். சிலர் "அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்" என்று பகிடியும் பண்ணுகிறார்கள். அவரது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

மூளை சிந்திப்பதற்கு மட்டுமான உறுப்பு அல்ல. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள சீனியின் அளவு, பசி, தூக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு கணமும் சீராக்கிக் கொண்டிருப்பதும் அதன் வேலைதான். உடல் எடையில் சுமார் 2 வீதமே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போதும் உடலின் சக்தியில் சுமார் 20 வீதத்தைச் செலவிடுகிறது.

ஆபத்து வந்தால் மூளையின் கட்டளைப்படி அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஹோர்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. தசைகளுக்குச் சக்தி கிடைக்கிறது. பாய்ந்து வரும் பஸ்ஸிலிருந்து விலகித் தப்ப இதுவே உதவுகிறது. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் ஆபத்து நீங்காவிட்டால்? கடன் கொடுத்தவர் நாளையும் வருவார். வீட்டு வாடகை அடுத்த மாதமும் கட்ட வேண்டும். 2022இல் எரிவாயு வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு அடுத்த நாளும் நிச்சயமில்லாமல் இருந்தது. நாளைய கஷ்டத்தை எதிர்பார்த்து இன்றே உடலைத் தயார்நிலையில் வைத்திருப்பது மூளையின் இயல்பு. அந்தத் தயார்நிலை மாதக்கணக்கில் நீடித்தால் உடலும் மூளையும் தேய்ந்து போகின்றன.

அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி புரூஸ் மெக்வென் இதைப் பல தசாப்தங்கள் ஆராய்ந்தார். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகெம்பஸ் பகுதியில் கோர்ட்டிசோல் வகை அழுத்த ஹோர்மோன் சென்று சேர்வதை 1968இல் எலிகளில் அவர் கண்டறிந்தார். நீடித்த அழுத்தத்தில் அப்பகுதியின் நரம்புக் கிளைகள் சுருங்குவதையும், பயத்தை உணரும் பகுதியில் அவை வளர்வதையும் பிற்கால விலங்கு ஆய்வுகள் காட்டின. மறதியும் பதற்றமும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பதை விளங்கிக்கொள்ள இவை உதவுகின்றன.

இந்தச் சுமை எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. பிரித்தானிய அரச ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வில், மிகக் கீழ்நிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் வீதம் உயர்பதவியினரை விட ஏறத்தாழ 3.6 மடங்காக இருந்தது. புகைத்தல் போன்ற காரணங்கள் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியையே விளக்கின. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையில் தனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நிலை உடல்நலத்தையும் மனநலத்தையும் பாதிப்பதைக் காட்டியது. பொறுப்பு கூடியவரை விட, முடிவெடுக்கும் அதிகாரமற்றவரே அதிகம் களைத்துப் போகிறார்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. பரீட்சை அழுத்தத்தால் கவனம் குன்றியிருந்த மருத்துவ மாணவர்கள், அழுத்தம் குறைந்து ஒரு மாதத்தின் பின் வழமைக்குத் திரும்பியதை 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த மெக்வெனும் அதில் பங்கெடுத்திருந்தார். சுமை இறங்கினால் மூளை மீள்கிறது.

ஆகவே அந்தத் தாய்க்கு நல்ல தூக்கமும் நடைப்பயிற்சியும் தேவை. அறிவுரை மட்டும் போதாது. அவற்றுக்கான நேரத்தை யார் கொடுப்பது? இரவில் குழந்தையைக் கணவர் பார்த்துக்கொள்வதும், கடனுக்குத் தவணை கொடுப்பதும், அயலவர் ஒருவர் தினமும் எட்டிப் பார்ப்பதும்கூட அவரது மூளைக்குச் செய்யும் உதவிதான். நிலைமை நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

"உனக்கு என்ன குறை?" என்று கேட்பதை விட, "உன் தலையில் எவ்வளவு சுமை இருக்கிறது? எதை நான் இறக்கித் தரட்டும்?" என்று கேட்பது மேல்.