கோப்பின் வாலில் ஒரு குறிப்பு

1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த ஈமாக்ஸ் என்னும் எடிட்டரில் ஒரு விந்தை உண்டு. டேப் இடைவெளி எத்தனை என்பது போன்ற அமைப்புகளை, அந்தந்தக் கோப்பின் இறுதியிலேயே பட்டியலாக எழுதி வைக்கலாம். கோப்பைத் திறக்கும்போது ஈமாக்ஸ் அதைப் படித்து அதன்படி நடக்கும்.

நேற்றுவரை பலித்த பட்டியல் இன்று பலிக்கவில்லையா? எழுத்துப் பிழையைத் தேடுமுன் தூரத்தை அளந்து பாருங்கள். ஈமாக்ஸ் கோப்பு முழுவதையும் துழாவுவதில்லை. கடைசி 3000 எழுத்துகளுக்குள்தான் பட்டியலின் தொடக்கத்தைத் தேடும். பட்டியலுக்குக் கீழே யாரேனும் நீளமாக எழுதிச் சேர்த்தால் அது எல்லைக்கு வெளியே போய்விடும். பிழைச் செய்தியும் வராது! (இதுதான் தொல்லை.) பட்டியலைக் கடைசிக்கு நகர்த்திக் கோப்பை மீண்டும் திறந்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, பிறர் தந்த கோப்பின் பட்டியலில் நம் கோப்புகளை அழிக்கும் கட்டளைகூட ஒளிந்திருக்கலாம். ஆகவே, ஐயத்துக்குரிய அமைப்பைக் கண்டால் ஈமாக்ஸ் நம்மைக் கேட்ட பிறகே ஏற்கும்.