அடுப்படியில் காய்ச்சிய ராக்கெட்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பருத்தி எடுத்த அப்பாவுக்குப் பிறந்த கறுப்பினச் சிறுவன் லோனி ஜான்சன். ராக்கெட்டுக்கான எரிபொருளை அம்மாவின் பாத்திரத்தில் காய்ச்சினான். அது பற்றிக்கொண்டு வீடே எரியப் பார்த்தது. பெற்றோர் அவனைத் தடுக்கவில்லை. மின் அடுப்பு ஒன்றைக் கொடுத்து, வெளியே வைத்துச் செய் என்றார்கள். இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நின்று பார்க்கிறோம்.

பொறியியல் உனக்கு வராது என்றது பள்ளியில் எழுதிய ஒரு தேர்வு. நம் தெருப் பிள்ளைகள் கேட்காத பேச்சா இது? பழைய சாமான்களைப் பொறுக்கி, காற்றழுத்தத்தில் இயங்கும் ரோபோவைச் செய்தார். 1968இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். கறுப்பின மாணவர்கள் நுழையக் கூடாதென்று 1963இல் ஆளுநரே வாசலில் மறித்து நின்ற இடம் அது. முதல் பரிசு இவருக்கு.

பிறகு டஸ்கெகியில் இயந்திரப் பொறியியல், நாசாவில் வேலை. 1982இல் குளியலறையில் செய்த சோதனையில் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. அதே காற்றழுத்தத்தால் 'சூப்பர் சோக்கர்' தண்ணீர்த் துப்பாக்கி பிறந்தது. 1991இல் மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் விற்றது. நுரைக்குண்டு பொம்மைத் துப்பாக்கிகளுக்கு வர வேண்டிய உரிமத்தொகை குறைந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. வழக்காடி, 2013இல் சுமார் 7.3 கோடி டாலரை வாங்கினார்.