விட்டு விட்டு எரிந்த விளக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைச் சாலையில் ஏறினால்தான் நான் பணிபுரியும் பள்ளிக்குப் போக முடியும். பேருந்து நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவராத நாட்களில் மோட்டார் சைக்கிள்தான் துணை. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒருநாள் மாலை மலையிறங்கும்போது, வண்டியின் முகப்பில் 'ஏ.பி.எஸ்.' என்ற மஞ்சள் விளக்கு எரிந்தது. வீட்டுக்கு வந்து சாவியை அணைத்து மீண்டும் ஓட்டினேன், விளக்கு இல்லை. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் மீண்டும் எரிந்தது.

எப்போதும் எரியும் விளக்கைச் சரிசெய்வது எளிது. விட்டு விட்டு எரிவதுதான் சோதனை. மெக்கானிக்கிடம் போகும்போது அது எரியாது. அந்தப் பழுதைத் தேடிய முறை, பிறகு என் வகுப்பறைக்கும் உதவியது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விளக்கு சொல்வது என்ன?

நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் இது நடைமுறைக்கு வந்தது. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுப்பதே இதன் வேலை.

எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்துகிறோம். ஒரு பரப்பின் மீது வழுக்கும் பொருளுக்கு உள்ள உராய்வைவிட, வழுக்காமல் இருக்கும்போது கிடைக்கும் உச்ச உராய்வு அதிகம். உருளும் சக்கரம் சாலையைத் தொடும் இடத்தில் வழுக்குவதில்லை. பூட்டிக்கொண்ட சக்கரம் வழுக்குகிறது. முன்சக்கரம் பூட்டினால் இருசக்கர வண்டி சாய்ந்துவிடும். அப்படிப் பூட்டும் நிலை வந்ததும் ஏ.பி.எஸ். பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை விட்டுப் பிடிக்கிறது.

சக்கரம் பூட்டப் போகிறது என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? சக்கரத்தோடு பல் அல்லது துளை கொண்ட ஒரு வளையம் சுற்றுகிறது. அதன் அருகே, சிறிய இடைவெளி விட்டு, ஒரு சென்சார் இருக்கிறது. என் வண்டியில் இருந்தது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகை. பற்கள் கடக்கும்போது காந்தப்பாயம் மாறி, சுருளில் மாறுமின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் பாரடே கண்டறிந்து, நாம் ஒன்பதாம் வகுப்பில் நடத்தும் அதே மின்காந்தத் தூண்டல்தான். சக்கரம் வேகமாகச் சுழன்றால் அதிர்வெண் கூடும், மெதுவானால் குறையும். இந்தக் கணக்கைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓயாமல் பார்க்கிறது. சமிக்ஞை அறுந்தால் ஏ.பி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிடுகிறது.

சாவியைப் போட்டதும் விளக்கு எரிவதும், வண்டி நகர்ந்து சற்று வேகமெடுத்ததும் அணைவதும் இயல்பு. ஓடும்போது மீண்டும் எரிந்தால்தான் பழுது. அப்போதும் சாதாரண பிரேக் வேலை செய்யும். பூட்டாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது. மலையில் அப்படி நேர்ந்தால் குறைந்த கியரில், பிரேக்கை மெல்ல அழுத்தி இறங்குங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது.

மாற்றிய பின்னும் வந்த பழுது

முதலில் போன பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். 'முன்சக்கர சென்சார் சமிக்ஞை இல்லை' என்று பதிவாகியிருந்தது. சென்சாரை அதன் கம்பியோடு மாற்றினார்கள். பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது.

பிழை எங்கே? கருவி சொன்னது 'சமிக்ஞை வரவில்லை' என்பதை மட்டும். 'சென்சார் கெட்டுவிட்டது' என்பது நாங்கள் சேர்த்துக்கொண்ட பொருள். சமிக்ஞை பிறக்கும் இடத்துக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் நடுவே கம்பி உண்டு, கனெக்டர் உண்டு, பின் உண்டு. எதில் குறை இருந்தாலும் பதிவாவது அதே வரிதான்.

குறிப்பேடு காட்டிய வழி

பிறகு ஒரு சிறு நோட்டில் எழுதத் தொடங்கினேன்: தேதி, இடம், மழை உண்டா, வேகம், ஏற்றமா இறக்கமா, எந்தப் பக்கத் திருப்பம். மழைதான் காரணம் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தேன். இரண்டு வாரத்தில் ஒன்பது முறை விளக்கு எரிந்தது. அதில் நான்கு முறை மழையே இல்லை. ஆனால் ஒன்பதும் கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் வலப்பக்கம் திரும்பும்போது நடந்தவை. கள்ளக்குறிச்சி வரையிலான சமவெளிச் சாலையில் ஒருமுறைகூட இல்லை. அப்படியானால் ஹேண்டில் திரும்பும்போது எதுவோ இழுபடுகிறது.

இந்தக் குறிப்போடு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். சாவியை அணைத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, அங்கிருந்தே முன்சக்கர சென்சார் வரையிலான மின்தடையை மல்டிமீட்டரில் பார்த்தார். ஹேண்டில் நேராக இருக்கையில் அளவு நிலையாக இருந்தது. வலப்பக்கம் முழுதாகத் திருப்பியதும் சுற்று அறுந்ததாகக் காட்டியது. அடுத்து, நடுவிலுள்ள கனெக்டரைப் பிரித்து சென்சார் பக்கத்தை மட்டும் அளந்தார். எப்படித் திருப்பினாலும் அளவு மாறவில்லை. சென்சாரும் அதன் கம்பியும் நலம். குறை கனெக்டரிலோ அதற்கு அப்பாலோ என்று பாதி வழி சுருங்கியது. கனெக்டருக்குள் பார்த்தால் ஒரு பின் பச்சை பூத்து, பின்னோக்கி நழுவியிருந்தது. சுத்தம் செய்து, பின்னை இறுக்கி, கம்பி இழுபடாதபடி தளர்த்திக் கட்டினார். அதன்பின் அந்த விளக்கு எரியவில்லை.

ஓர் எச்சரிக்கை: பல வண்டிகளில் ஹால் விளைவு வகை சென்சார் இருக்கும். அதை மின்தடை அளந்து சோதிக்கக் கூடாது, கெட்டுவிடலாம். வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும்.

வகுப்பறையில்

அதே நாட்களில் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. சில நாட்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வாள். சில நாட்கள் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டாள். 'கவனம் இல்லை' என்று நானே அவள் பெற்றோரிடம் சொல்லியிருந்தேன். அவளைக் கண்டித்தும் இருக்கிறேன்.

வண்டி நோட்டின் மறுபுறத்தில் அவளைப் பற்றியும் எழுதினேன்: தேதி, உட்கார்ந்த இடம், நான் நின்ற பக்கம், உடல்நிலை. மூன்று வாரத்தில் தெளிவாயிற்று. பதில் வராத நாட்கள் பெரும்பாலும் அவளுக்குச் சளி பிடித்த நாட்கள். நான் அவளுக்கு இடப்பக்கம் நின்ற நேரங்கள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் காட்டினோம். காதில் சீழ் கட்டியிருந்தது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாள். இப்போது முன்வரிசையில், வலக்காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்கிறாள். நான் சொன்ன சொல்லுக்காக அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

'வாசிக்கவில்லை' என்பதும் ஒரு விளக்குதான். எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஒரு குழந்தையை அரும்பு நிலையில் வைக்கும்போது அது இன்று இருக்கும் இடம் தெரிகிறது. அதற்கான காரணம் தெரிவதில்லை. கண்ணா, காதா, பசியா, வீட்டு மொழி வழக்கா, விடுப்பா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செய்து பார்க்கலாம்

ஒன்பதாம் வகுப்புக்கு: மிதிவண்டிச் சக்கரக் கம்பியில் சிறு காந்தத்தைக் கட்டுங்கள். முட்கரண்டியில் பல சுற்றுகள் கொண்ட செம்புச் சுருளைப் பொருத்தி கால்வனாமீட்டரோடு இணையுங்கள். காந்தம் சுருளை நெருங்கிக் கடக்கும்போதெல்லாம் முள் அசையும். வேகத்தை மாற்றினால் அசைவும் மாறும்.

எல்லா ஆசிரியர்களுக்கும்: விட்டு விட்டுத் தடுமாறும் ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூன்று வாரம் எழுதுங்கள். அதுவரை காரணம் என்ன என்று முடிவுகட்ட வேண்டாம்.